மல்லிகை மெழுகில் மல்லிகை உண்டா?



நறுமணம் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. வியாழன் மாலையில் சாம்பிராணிப் புகை எழாத வீடு ஒரு காலத்தில் நம் தெருக்களில் இருந்ததில்லை என்றே சொல்லலாம். ஜும்ஆவுக்குப் புறப்படும் ஆண்களின் காதுமடலில் அத்தர் தோய்த்த பஞ்சு இருக்கும். மணவீட்டு வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் காத்திருக்கும். நறுமணம் கொடுக்கப்பட்டால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். நல்ல நண்பனுக்குக் கஸ்தூரி விற்பவனை உவமை காட்டிய மார்க்கம் நம்முடையது.

இன்று அந்த நறுமணம் வேறு உருவங்களில் வீட்டுக்குள் வந்திருக்கிறது. சோயா மெழுகில் வார்த்த வாசனை மெழுகுவர்த்தி, கையால் செய்த சோப்பு, குளியல் பொடி, உதட்டுக்குப் பூசும் தேன்மெழுகுக் களிம்பு ஆகியவற்றை நம் பெண்கள் அடுக்களையிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். வெளியே சென்று வேலை பார்க்க இயலாத நிலையில் இருப்போருக்கு இது மதிப்பான வருவாய். இத்தொழிலை நான் வரவேற்கிறேன். ஆனால் குப்பியின் மூடியில் ஒட்டும் சிறு தாள் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி உங்களோடு சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

என் தங்கை இத்தொழிலில் இறங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது. தஞ்சை மாவட்டக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊரில் மெழுகுவர்த்தியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்நாட்களில் கடையில் மெழுகுவர்த்தி கிடைக்காமல் தங்கை ஊறுகாய்ப் பாட்டிலில் பழைய மெழுகுத் துண்டுகளை உருக்கி ஊற்றித் திரி போட்டாள். பின்னர் அவள் கணவர் வளைகுடாவில் வேலையிழந்து ஊர் திரும்பியதும், அந்தக் கைப்பழக்கமே பிழைப்புக்கு வழிகாட்டியது.

சோயா மெழுகு என்பது என்ன? சோயா மொச்சையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டிப்படுத்தினால் வெண்ணிற மெழுகாகிறது. வனஸ்பதி தயாராகும் அதே முறைதான். 1990-களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், தேன்மெழுகின் விலையைத் தாங்க முடியாத மெழுகுவர்த்தித் தொழிலிலிருந்து இது பிறந்தது. நாம் வழக்கமாக வாங்கும் வெள்ளை மெழுகுவர்த்தி பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வரும் பாரஃபின். சோயா மெழுகு அதைவிட மெதுவாக எரியும். துணியில் சிந்தினால் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவிவிடலாம். இவை உண்மையான நன்மைகள். ஆனால் புகையே வராது என்றும், காற்றைச் சுத்தம் செய்யும் என்றும் விற்பவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. எரியும் திரி எதுவாயினும் கரி உமிழும். திரி நீண்டிருந்தாலும் காற்று வீசினாலும் சோயா மெழுகும் கண்ணாடியைக் கறுப்பாக்கும். அதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

செய்முறையை ஆர்வமுள்ளவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு கிலோ சோயா மெழுகுக்கு 70 கிராம் வாசனை எண்ணெய் போதும். மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவிகிதம் என்பது பொதுக் கணக்கு. அதற்கு மேல் ஊற்றினால் மெழுகு அதைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே எண்ணெயாகக் கசியும். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, தராசு வேண்டும். அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதனுள் இன்னொரு பாத்திரத்தில் மெழுகை உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் ஒருபோதும் வைக்கலாகாது. வெப்பமானி 80 அல்லது 85 டிகிரி காட்டும்போது இறக்கி, வாசனை எண்ணெயை ஊற்றி, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளற வேண்டும். வேகமாகக் கிளறினால் காற்றுக் குமிழ் சேரும். 55 அல்லது 60 டிகிரிக்கு ஆறிய பிறகு, திரி ஒட்டி வைத்த கனமான கண்ணாடிக் குவளையில் ஊற்ற வேண்டும். ஒரு கிலோவில் 150 கிராம் குவளைகள் ஏழு கிடைக்கும்.

ஊற்றியவுடன் கொளுத்திப் பார்க்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். ஒன்று, இரண்டு வாரம் பொறுத்திருங்கள். மெழுகும் எண்ணெயும் ஒன்றோடொன்று இறுகிய பிறகே மணம் முழுமையாக எழும். மேற்பரப்பில் உப்புப் பூத்தாற்போல் வெண்மை படர்ந்தால் கலங்க வேண்டாம். அது சோயா மெழுகின் இயல்பு. எங்கள் ஊர் வெயில்தான் பெரிய சோதனை. குவளைக்கான சோயா மெழுகு 50 டிகிரி அளவிலேயே உருகிவிடும். சித்திரை மாதத்தில் மூடிய வண்டியிலோ தகரக் கூரையின் கீழோ வைத்தால், எடுக்கும்போது கூழாக இருக்கும். இதனால் தங்கை கோடையில் வெளியூருக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

திரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோயா மெழுகு உருகினால் பாரஃபினைவிடக் கெட்டியாக இருப்பதால் சற்றுத் தடித்த பருத்தித் திரி தேவை. மெல்லிய திரி நடுவில் பள்ளம் தோண்டிக்கொண்டு இறங்கித் தானே அணைந்துவிடும். எந்தக் குவளைக்கு எந்தத் திரி என்பதைக் கொளுத்திப் பார்த்தே அறிய வேண்டும். தங்கை முதல் மாதத்தில் வார்த்தவற்றில் ஒன்றைக்கூட விற்கவில்லை. அத்தனையையும் எரித்துப் பார்த்து, எத்தனை மணி நேரத்தில் மெழுகு விளிம்பு வரை உருகுகிறது என்று பிள்ளைகளின் பழைய நோட்டில் குறித்து வைத்தாள்.

இனி அந்தச் சிறு தாளுக்கு வருகிறேன்.

அவளிடம் அதிகம் விலைபோனது மல்லிகை மெழுகு. மூடியைத் திறந்தால் மாலை நேரத்துப் பூக்கடை நினைவுக்கு வரும். வாசனை எண்ணெய் விற்ற வியாபாரி, ‘இயற்கை மல்லிகை’ என்று எழுதிய புட்டியைத்தான் கொடுத்திருந்தார். 100 மில்லி சில நூறு ரூபாய். தங்கை கணக்கில் கெட்டி. ஒருநாள் என்னிடம், “லாத்தா, இந்த விலைக்குப் பூ வருமா?” என்று கேட்டாள். இருவரும் அமர்ந்து கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மல்லிகையை ரோஜாவைப் போல நீராவியில் வடிக்க இயலாது. சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, அதன் சாற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவீர்கள். அந்தப் பக்கத்துப் பூவிலிருந்து இவ்வாறு சாறெடுக்கும் ஆலைகள் தமிழ்நாட்டில் உண்டு. ஒரு கிலோ தூய சாறு கிடைக்க 600 கிலோவுக்குக் குறையாமல் பூ வேண்டும். நம் 150 கிராம் குவளையில் 10 கிராம் வாசனை இருக்கிறது. அது உண்மையான மல்லிகைச் சாறானால் 6 கிலோ பூ அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். பூ மலிந்த நாளில் கிலோ 200 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பூவுக்கு மட்டும் 1,200 ரூபாய். குவளையின் விலையோ 250. ரோஜாவின் கணக்கு இதைவிடக் கடுமை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேல் இதழ் போகும். கடையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் ‘தூய ரோஜா’ மெழுகில் எத்தனை இதழ் இருக்கும் என்பதை உங்கள் கணிப்புக்கே விட்டுவிடுகிறேன்.

செயற்கை வாசனை என்றதும் அதை நஞ்சென்று சொல்லிவிடக் கூடாது. மல்லிகையின் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் பென்சைல் அசிடேட் என்னும் பொருள் ஆலையில் தயாரானாலும் பூவில் விளைந்தாலும் ஒரே பொருள்தான். இயற்கையானது என்பதற்காக எதுவும் தீங்கற்றதாகிவிடாது என்பதைப் பின்னர் சொல்கிறேன். விலை உயர்ந்த மணத்தைப் போலி செய்வதும் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, நறுமணம் தயாரித்தலையும் வடித்தலையும் பற்றி எழுதிய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளைத் தந்திருக்கிறார். விலை உயர்ந்த பொருட்களுக்கு ஈடான போலிகளைச் செய்யும் முறைகளும் அவற்றில் அடக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து அறிஞர் அஷ்ஷைஸரீ, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப்களுக்காக எழுதிய கையேட்டில் வாசனை வியாபாரிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, கஸ்தூரியில் எதையெதைக் கலப்பார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் விளக்குகிறார். போலி செய்யும் கலையும் அதைக் கண்டறியும் கலையும் நம் சந்தைகளில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருந்திருக்கின்றன. போலியைப் போலி என்று சொல்லி விற்றால் அது மலிவான சரக்கு. அசல் என்று சொன்னால் மோசடி.

அத்தரிலும் இதே கதைதான். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செம்புப் பானையில் பூவும் நீரும் இட்டு மண்ணால் மூடி, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் சந்தன எண்ணெய் உள்ள பாத்திரத்தில் இறக்குவது பழைய முறை. சந்தனத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, பல இடங்களில் சந்தன எண்ணெய் இருந்த இடத்தில் லிக்விட் பாரஃபின் வந்துவிட்டது. புட்டியின் மேலுள்ள பெயர் மட்டும் மாறவில்லை.

2024-ஆம் ஆண்டு ரமலானுக்கு முன், சென்னைக் கடை ஒன்றிலிருந்து தங்கைக்கு 300 மெழுகு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குவளை 180 ரூபாய் வீதம் 54,000 ரூபாய். அதற்கு முன் ஒரே முறையில் 40 மெழுகுக்கு மேல் அவள் விற்றதில்லை. ஊர் பைத்துல்மாலில் ஒரு ஜோடி வளையலை ஈடு வைத்து 15,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் பெற்று 20 கிலோ மெழுகு வாங்கிவிட்டாள். குவளைகளும் வந்து இறங்கின. பின்னர்தான் கடைக்காரர் தாளின் மாதிரியை அனுப்பினார். அதில் மல்லிகைப் படமும், ‘100 சதவிகிதம் இயற்கை’ என்ற எழுத்தும் இருந்தன.

அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்த பேச்சை முழுமையாக எழுத விரும்பவில்லை. தங்கையின் கணவர் நல்ல மனிதர், தொழுகையாளி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “தாளை அச்சடிப்பது கடைக்காரர், நாம் மெழுகை மட்டும்தானே கொடுக்கிறோம்? உலகமே அப்படித்தான் எழுதுகிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன பதில்?” என்றார். இரண்டு பையன்களின் கட்டணம் ஜூனில் கட்டியாக வேண்டும். வேறு வரும்படி இல்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்த நிகழ்ச்சியை நீங்கள் பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடிந்தார்கள். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரம் மேலே தெரிய வேண்டும், அவ்வளவே. தானியத்திலாவது வாங்குபவர் கையை நுழைத்துப் பார்க்கலாம். மூடிய குவளையின் மணத்தில் எவர் கையை நுழைப்பது? பூவின் மணத்தையும் புட்டியின் மணத்தையும் பிரித்தறியும் மூக்கு நம்மில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இருக்காது. வாங்குபவருக்கு ஆதாரம் அந்தத் தாள் ஒன்றே.

தங்கை சுப்ஹு தொழுதுவிட்டுக் கடைக்காரருக்குத் தானே எழுதினாள்: மெழுகு சோயா, திரி பருத்தி, வாசனை செயற்கை, ‘இயற்கை’ என்ற சொல் இல்லாமல் அச்சடித்தால் அனுப்பத் தயார். பதில் மதியத்துக்குள் வந்தது. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் கையில் எடுக்கிறார்கள். அது இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு நடந்ததையும் உள்ளபடி சொல்கிறேன். உண்மை சொன்னதற்குப் பரிசாக மறுநாளே பெரிய வியாபாரம் தேடி வந்தது என்று எழுதினால் படிக்க இனிமையாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பெருநாளுக்குள் ஊரில் 60 மெழுகுகள் விற்றன. மிச்ச மெழுகுப் பெட்டிகளைக் கோடை முழுவதும் வீட்டின் குளிர்ந்த அறையில் ஈரச் சாக்குப் போர்த்திக் காத்தாள். வளையல் டிசம்பரில்தான் திரும்பியது. பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதியை என் மகன் கட்டினான்.

பெண்கள் வாசனை விற்பதைக் குறைவாகப் பேசுவோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் மதீனாவில் அஸ்மா பின்த் முகர்ரிபா என்ற பெண்மணி, யமனிலிருந்து மகன் அனுப்பிய வாசனைத் திரவியத்தைப் பெண்களுக்கு எடைபோட்டு விற்றதையும், கடனுக்குக் கொடுத்ததை எழுதி வைத்ததையும் இப்னு ஸஅத் பதிவு செய்திருக்கிறார். எடையும் எழுத்தும் உள்ள வியாபாரம்!

இனி உடலுக்குப் பூசும் பொருட்கள். இங்கே எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். மெழுகு அறையின் மூலையில் எரிகிறது. இவையோ தோலில் படுகின்றன.

முதலில் சட்டம். சோப்பு, களிம்பு, குளியல் பொடி ஆகியவற்றை விற்பனைக்காகச் செய்வதென்றால், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழும் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படியும் உரிமம் பெற வேண்டும். இதை அறியாமலே பலர் வீட்டிலிருந்து விற்கிறார்கள். தங்கை இவற்றை வீட்டுக்கும் உறவினருக்கும் மட்டும் செய்கிறாள். விற்பது மெழுகு ஒன்றைத்தான்.

அடுத்து, நீர் கலந்த எதையும் வீட்டில் செய்து நாட்கணக்கில் வைத்திருக்காதீர்கள். நீர் இருக்குமிடத்தில் கிருமி வளரும். கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாமலே வளரும். கற்றாழைச் சாறும் பன்னீரும் குழைத்த களிம்பு புதிதாய் இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்க்க முடியாவிட்டால் செய்யாதிருப்பதே நலம். பொடிகளும் எண்ணெய்களும் நீரற்றவை என்பதால் நெடுநாள் நிற்கும். நம் முன்னோர் நலங்கு மாவைப் பொடியாகவே வைத்திருந்த அறிவு இதுதான். பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போகரிசி, ஆவாரம்பூ, வெட்டிவேர், உலர்ந்த ரோஜா இதழ் எல்லாவற்றையும் வெயிலில் முறுகக் காயவைத்து, மில்லில் அரைத்துச் சலித்தால் ஆறு மாதம் வரும். ஈரக் கையை மட்டும் டப்பாவில் விடாதீர்கள்.

வெட்டிவேர் எண்ணெய் இன்னும் எளிது. நன்றாக உலர்ந்த வேரை நறுக்கித் தேங்காய் எண்ணெயில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இரண்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து வடிகட்ட வேண்டும். மணம் மெல்லியதாகத்தான் வரும். ஆனால் அது வேரின் சொந்த மணம். வெடித்த குதிகாலுக்கும் உதட்டுக்கும் பூச, இந்த எண்ணெய் நான்கு பங்கும் தேன்மெழுகு ஒரு பங்கும் சேர்த்து உருக்கி ஆறவிட்டால் களிம்பு தயார்.

இயற்கை என்பதால் எதையும் அள்ளிப் பூசலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. கிராம்பு எண்ணெயும் இலவங்கப்பட்டை எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் எண்ணெயைப் பூசி வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கும். உடலுக்குப் பூசும் எண்ணெயில் இத்தகைய செறிந்த எண்ணெய்கள் 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. முகத்துக்கு 1 சதவிகிதம். புதிதாய்ச் செய்த எதையும் முழங்கையின் உட்பக்கத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கு இவை எதுவும் வேண்டாம். சளிக்கென்று குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் கற்பூரம் கலந்த எண்ணெய் பூசும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடிய பொருள். இதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லும்போது சற்றுப் பணிவோடு சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

நமக்கே உரிய சில கவலைகளும் உண்டு. உருக்கி வார்க்கும் சோப்புக் கட்டியை வாங்கும்போது அதன் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். சோடியம் டாலோவேட் என்றிருந்தால் விலங்குக் கொழுப்பு. எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்பது தெரியாது. சோடியம் பாமேட் என்றால் பனை எண்ணெய், சோடியம் கோகோவேட் என்றால் தேங்காய் எண்ணெய். கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் இரு வழிகளிலும் வரக்கூடியவை. தாவரத்திலிருந்து எடுத்தது என்று எழுதியிருந்தால் வாங்கலாம். வாசனையில் ஆல்கஹால் கலந்திருந்தால் அதைப் பூசித் தொழுவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயில் கரைத்த வாசனைக்கு இக்கேள்வியே எழாது.

மெழுகு வார்த்த கையோடு ஒளுச் செய்யப் போகாதீர்கள். நகத்தின் ஓரத்தில் ஒரு துளி மெழுகு படர்ந்திருந்தாலும் அதனடியில் நீர் சேராது. தேன்மெழுகுக் களிம்பைத் தடித்துப் பூசிய குதிகாலுக்கும் இது பொருந்தும். தங்கை அடுப்பருகில் ஒரு மரச் சீவுகோல் வைத்திருக்கிறாள்; பாங்கு சொன்னதும் முதல் வேலை நகங்களைச் சுரண்டுவதுதான்.

நெருப்பைப் பற்றி இரண்டு சொல். உறங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடும்படியும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். மெழுகுக் குவளைக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்காதீர்கள்; ஒவ்வொரு முறையும் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள்; திரைச்சீலைக்கும் கொசுவலைக்கும் தூரமாக வையுங்கள். உருக்கும்போது மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ வெடித்துப் பரவும். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டைப் போட்டு மூடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையில் வாசனை மெழுகே வேண்டாம், சோயாவாயினும் சரி.

தங்கையின் குவளைகளில் இப்போது உள்ள தாளை அவளே எழுதி, தெருமுனை அச்சகத்தில் அடித்தாள்: “சோயா மெழுகு. பருத்தித் திரி. மல்லிகை மணம் செயற்கையானது. எடை 150 கிராம். தூங்கும் முன் அணைக்கவும்.” இதைப் படித்துவிட்டுக் குவளையைத் திரும்ப வைத்தவர்களும் உண்டு, படித்த பிறகே இரண்டாக வாங்கியவர்களும் உண்டு. கடந்த குளிர்காலத்தில் நீராவியில் வடித்த உண்மையான வெட்டிவேர் எண்ணெயைக் கொஞ்சம் வாங்கிப் பத்துக் குவளை வார்த்தாள். தாளில் ‘வெட்டிவேர் எண்ணெய் மட்டும்’ என்று எழுதியிருக்கிறாள். மல்லிகையைவிட விலை மும்மடங்கு. மணமோ அருகில் சென்றால்தான் தெரியும். இதுவரை மூன்று விற்றிருக்கின்றன.